இதயத்துக்கு எண்ணெயை நிறுத்தினால் போதுமா?

அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் கூடுதல், எண்ணெயை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வனஸ்பதி, பாமாயில், தினமும் ஊற்றும் நெய் இவற்றைக் குறைத்து, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாகச் சேருங்கள். வடை சுட்ட எண்ணெயை மறுபடி காய வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் கை வைக்க வேண்டியது உப்பில்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சாப்பாட்டில் குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றிலும் உப்பு. அதற்கு மேல் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியம் இரண்டு வழியில் வருகிறது.

அப்புறம், குறைப்பது மட்டுமே வழியல்ல. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் உணவுமுறை பற்றி 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் (DASH) ஆய்வில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால், தயிர் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்ததிலேயே சில வாரங்களில் ரத்த அழுத்தம் இறங்கியது. நம் வீட்டில் அதற்குச் சோற்றைக் குறைத்து கீரை, கூட்டு, சுண்டலைக் கூட்டினால் சரி. பயறு வகைகளின் நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலையும் குறைக்கும்.

கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.