பாவ் என்னும் மென்மையான பன்னோடு, பாஜி என்னும் மசித்த காய்கறி மசாலாவைத் தொட்டுச் சாப்பிடும் மும்பையின் பாவ் பாஜிக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? மலேசியாவில் அந்தச் சுவை வருமா?

வரும். ஆனால் சட்டியில் செய்தால் வராது, தோசைக்கல் வேண்டும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். எங்கள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடையும் கச்சாங் பூத்தேயும் தாராளமாகக் கிடைக்கும், பாவ் பாஜி மட்டும் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் வீட்டில்தான் செய்கிறோம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்.

மும்பை நூற்பாலைத் தொழிலாளிகளின் சாப்பாடாக இது 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது என்பார்கள். ஆலையில் இடைவேளை சின்னது. சோறும் குழம்புமாக வயிறு முட்டச் சாப்பிட்டால் மறுபடி நின்று வேலை பார்க்க முடியாது. இருக்கிற காய்களை மசித்து, மசாலா சேர்த்து, ரொட்டியோடு கொடுத்தார்கள். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போன எங்கள் பாட்டி கோப்பியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்தச் சாப்பாடு எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

சரி, சுவை எங்கே இருக்கிறது? மும்பைக் கடைகளில் அகலமான இரும்புக் கல்லில் வெண்ணெய் விட்டு வெங்காயம், குடைமிளகாய், தக்காளியை வதக்குவார்கள். அதன்மேல் வெந்த உருளைக்கிழங்கு, பட்டாணி, காலிஃபிளவர். மசிக்க மசிக்க நீர் வற்றும், அடியில் லேசாகப் பிடிக்கும். அதைச் சுரண்டிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி மசிப்பார்கள். அந்தச் சுரண்டலில்தான் ருசி ஏறுகிறது. தயவுசெய்து பிளெண்டரில் போடாதீர்கள், கிழங்கு பசை மாதிரி இழுக்கும்.

மசாலாவுக்கு நம் கறித்தூள் உதவாது. பாவ் பாஜி மசாலாவில் மல்லி, சீரகம், சோம்பு, கிராம்போடு மாங்காய்த்தூளும் இருக்கும். அந்தப் புளிப்பு இல்லையென்றால் நீங்கள் செய்வது உருளைக்கிழங்குப் பிரட்டல்தான். நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள் போதும், காரம் அதிகம் ஏறாது.

பாவ் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரொட்டி பெங்காலி என்னும் பிரட்டை வாங்கித் தடிமனாக வெட்டுங்கள். பாஜியை எடுத்த அதே கல்லில், ஒட்டியிருக்கும் மசாலாவோடு வெண்ணெய் விட்டு வாட்டுங்கள். மார்ஜரின் வேண்டாம், வாசனையே மாறிவிடும். எலுமிச்சைக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி பிழிந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும். அப்புறம் பச்சை வெங்காயம், கொத்தமல்லி. பாஜியை முன்கூட்டியே செய்து வைக்கலாம், ரொட்டியைச் சாப்பிடும் நேரத்தில்தான் வாட்ட வேண்டும்.

வீட்டில் விரதக்காரர்கள் இருந்தால் மும்பையில் ஜைனர்கள் சாப்பிடும் வகையைச் செய்து கொடுங்கள். வெங்காயம், பூண்டு கிடையாது, கிழங்குக்குப் பதில் வாழைக்காய். வாழைக்காய்க்கு நம் பக்கம் பஞ்சமா என்ன!