வீட்டுப் பாண் நடுவில் களியாவது ஈஸ்டின் குற்றமன்று

கேள்வி: கோண்டாவிலில் வசிக்கிறோம். வீட்டு மின்சார ஓவனில் பாண் சுடும்போது மா நன்றாகப் பொங்குகிறது, மேற்புறமும் சிவக்கிறது. ஆனால் வெட்டினால் நடுப்பகுதி கத்தியில் ஒட்டுகிறது. ஈஸ்ட் சரியில்லை என்று சொல்லிக் கடைக்காரர் வேறு ஈஸ்டும், பாணுக்குப் போடும் தூள் ஒன்றும் தந்தார். பலனில்லை. வீதியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஓட்டோவில் வாங்கும் பாணோ மறுநாளே ஒரு மாதிரி மணக்கிறது. புதிய பாணை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: மா பொங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் செத்திருந்தால் அது பொங்கியே இராது. ஆகவே முதலில் அந்தத் தூளை ஒதுக்கி வையுங்கள். பெரிய பொதியை உடைத்து, சின்னப் பொலித்தீன் பைகளில் கட்டி, உற்பத்தித் திகதியோ காலாவதித் திகதியோ இல்லாமல் விற்கும் ஈஸ்டையும் தூள்களையும் வாங்கவே வேண்டாம் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன். காற்றும் ஈரமும் பட்ட ஈஸ்ட் நமது வெக்கையில் விரைவில் வலுவிழக்கும். அதை விற்றவரே அடுத்த கிழமை 'ஈஸ்ட் பழுது' என்று சொல்லி இன்னொரு பையை நீட்டுவார். பாண் பழகும் வகுப்பு என்று கூட்டி, முடிவில் மூலப்பொருட் பொதியைத் தலையில் கட்டி அனுப்புகிறவர்களும் இதே வகைதான். திகதி அச்சிட்ட, மூடிய சிறு பொதியாக வாங்கி, உடைத்தபின் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும்.

உங்கள் பாண் களியாவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடும் அவசரமுமே. சிறிய ஓவனில் மேற்கம்பி அச்சுக்கு மிக அருகில் இருப்பதால், நடுப்பகுதி வேகுமுன் மேற்புறம் சிவந்துவிடுகிறது; நிறத்தைப் பார்த்து நீங்களும் வெளியே எடுத்துவிடுகிறீர்கள். சீனி கூடினாலும் இதுவே நடக்கும். 300 கிராம் கோதுமை மாவுக்கு 185 கிராம் அளவு தண்ணீர், 6 கிராம் உப்பு, 3 கிராம் உடனடி ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று குழைத்தால், சுட்டபின் ஏறத்தாழ ஓர் இறாத்தல் பாண் வரும். அச்சைக் கீழ்த்தட்டில் வைத்து, 200 பாகை செல்சியசில் 35 நிமிடம்வரை சுடுங்கள். பாதி நேரத்தில் மேற்புறம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடுங்கள். வெளியே எடுத்ததும் அச்சிலிருந்து கவிழ்த்து, அடிப்புறத்தை விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். வெந்த பாண் வெற்றுப் பெட்டியைப் போல ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் அச்சில்லாமல் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 95 பாகை காட்ட வேண்டும்.

இன்னொன்று, குளிர் நாட்டாரின் குறிப்புகளைப் பார்த்து இளஞ்சூட்டு நீரில் குழைத்து இரண்டு மணி நேரம் பொங்க விடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்துக் குசினியில் ஒரு மணி நேரமே அதிகம். தண்ணீரும் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். அச்சில் இட்ட மாவை விரலால் அழுத்தினால் குழி மெல்ல மெல்ல நிரம்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் மா அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டது, சுடும்போது நடுவில் அமர்ந்துவிடும்.

சுட்ட பாணை ஒரு மணி நேரத்துக்கு முன் வெட்டக்கூடாது. உள்ளேயிருக்கும் மாப்பொருள் ஆறும்போதுதான் இறுகுகிறது. சுடச்சுட வெட்டினால் சரியாக வெந்த பாணும் கத்தியில் ஒட்டும். இதற்கு விலக்கு றோஸ் பாண். அது தட்டையானது, தட்டில் பரப்பிச் சுடுவது, எல்லாப் பக்கமும் சூடு பட்டு நீராவி விரைவாக வெளியேறுவதால் போறணையிலிருந்து வந்த சூட்டோடு பிய்த்துச் சம்பலுடன் உண்ணலாம். ஆறினால்தான் அது தோல் போல இழுபடும். ஆனால் அச்சுப் பாண் மாவையே சற்று அமர்த்தித் தடிப்பாகச் சுட்டு றோஸ் பாண் என்று விற்பதும் உண்டு. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் தடித்ததாயின், பெயர் எதுவானாலும் அது ஆறவேண்டிய பாண்தான். நீங்கள் வீட்டில் தட்டையாகச் சுட்டாலும் இந்த அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

வாங்குவதாயின் வெதுப்பகத்தின் வாசலிலேயே வாங்குங்கள். எந்நேரம் போறணை திறக்கிறார்கள் என்று கேட்டறிந்து அந்நேரத்துக்குப் போவதே நல்லது. இடையில் கைமாறும் பாண் எப்போது சுட்டதென்று ஓட்டோக்காரருக்கே தெரியாதிருக்கலாம். காலையில் விற்காத பாணை மாலையில் சூடான பணிசுக்கு அருகில் அடுக்கினால் அதுவும் இளஞ்சூடாகத்தான் இருக்கும். நிறையையும் பாருங்கள். முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராமுக்கு மேல் குறையக்கூடாது என்று 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விதித்தது. விதி வர்த்தமானியில் பத்திரமாக இருக்கிறது. தராசைத்தான் எத்தனை கடையில் காண்கிறோம்? 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம் என்கிறார்கள். முறையிடுங்கள், ஆனால் அதிகாரி வரும்வரை பாண் இராது. வீட்டுத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, குறைந்தால் கடையை மாற்றுவதே விரைவான வழி.

மறுநாள் மணத்தைப் பற்றி: அது அளவுக்கு மிஞ்சிப் பழுத்த வெள்ளரிப்பழத்தின் மணம் போலிருந்து, பாணைப் பிய்க்கும்போது உட்பகுதி நூலாக இழுபட்டால், அது வெறும் பழைய பாணன்று. மாவில் இருக்கும் ஒருவகை பற்றீரியாவின் வித்துகள் போறணைச் சூட்டையும் தாங்கி, நமது வெப்பத்திலும் ஈரத்திலும் ஒன்றிரண்டு நாளில் பெருகுவதால் வருவது. வெட்டி எறிந்து மிச்சத்தை உண்ணாமல் முழுவதையும் கழித்துவிட்டு, பாண் வைத்த பெட்டியையும் வெட்டும் பலகையையும் வினாகிரியால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். வீட்டு மாவிலும் 300 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வினாகிரி சேர்த்துக் குழைக்கலாம், சுவை மாறாது.