வாசகர் கேள்வி – பதில்: ஐந்து லட்சம் இருக்கட்டும், மாத்திரைக்கு என்ன வழி?

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நெல்லை, தென்காசி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. பத்து ஏக்கர் நஞ்சையும் வாடகைக்கு விட்ட வீடுகளும் உடையவருக்கும் அரசுப் பணமா என்று எங்கள் தெருவில் ஒரே வாக்குவாதம். உங்கள் கருத்து என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதை எழுபது வயதானோர் அனைவருக்கும் விரிவுபடுத்த ஒப்புதல் அளித்து, அக்டோபர் 29 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். ஏற்கெனவே அத்திட்டத்தில் உள்ள குடும்பத்து முதியவருக்கு அவர் பெயரில் மட்டும் கூடுதலாக ஐந்து லட்சம் உண்டு. மற்றக் குடும்பங்களில் உள்ள முதியவர்கள் ஐந்து லட்சத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். முன்னரே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது.

வருமான வரம்பை நீக்கியது சரி என்பதே எங்கள் கருத்து. நம் மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் வீட்டில் ஒண்டியிருக்கும், கையில் ஒரு காசும் இல்லாத தாய், குடும்ப அட்டையில் மகன் பெயரோடு சேர்ந்திருக்கிற ஒரே காரணத்தால் அந்த வரம்புக்கு வெளியே தள்ளப்படுவதை நம் ஊர்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வயதை நிரூபிக்க ஆதார் போதும்; வருமானத்தை நிரூபிக்கவோ கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். வரம்பு வைத்தால் பத்து ஏக்கர்காரர் எப்படியும் சான்றிதழ் வாங்கிவிடுவார், வெறுங்கையோடு திரும்புவது மேற்சொன்ன தாய்தான்.

தங்கள் தெருவில் முன்னாள் படைவீரரோ மத்திய அரசு ஓய்வூதியரோ இருந்தால், அவர்கள் தங்கள் பழைய மருத்துவத் திட்டம், இந்தப் புதிய திட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதையும் சொல்லிவையுங்கள். அவசரப்பட்டுப் பழையதை விட்டுவிட வேண்டாம். அவற்றில் புறநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் வழி உண்டு, புதியதில் இல்லை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். இப்போது விரல் ஓடவில்லை. மாத்திரை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் மாத்திரை தருவார்களா?
– வாசகி, முக்கூடல்

பதில்: தரமாட்டார்கள், அம்மா. இந்தக் காப்பீடு மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ஆயுஷ்மான் விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் ஆகியவற்றுக்குரிய பரிசோதனையும் மருந்தும் மட்டும் அதில் அடங்கும். மாதாமாதம் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அதில் இடமில்லை.

எங்களுடைய மனக்குறையும் இதுதான். சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் ஐந்து லட்சமா பத்து லட்சமா என்று வாதிடுகிறார்கள். தங்கள் தாயார் அழுத்த மாத்திரையைத் தவறவிட்டுப் பக்கவாதத்தில் விழுந்தால் அரசு பணம் கட்டும். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸுக்கும் கட்டும். அந்த நிலை வராமல் தடுக்கிற மாத்திரை மட்டும் காப்பீட்டுக் கணக்கில் வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர். இவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அறுவைச் சிகிச்சை அரங்கு அன்று. விடாமல் கிடைக்கும் மாத்திரையும், மாதம் ஒருமுறை கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும் ஓர் ஆளும்தான். முதியோர் நலச் சீர்திருத்தம் எதுவானாலும் அதை முதலில் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

தங்கள் தாயாருக்கு வழி காப்பீட்டுக்கு வெளியே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நடமாட இயலாதவர்களுக்கு மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். கடந்த ஆட்சியின் திட்டம், இந்த ஆட்சியின் திட்டம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது பெற்றதை விட, தன்னார்வலர் தோள்பையோடு தெருவுக்குள் வருவதே எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒருமுறை மட்டும் தாயாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தொற்றா நோய்ப் பிரிவில் பெயரைப் பதிந்துகொண்டால் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். தனியார் மருத்துவர் எழுதிய சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். அதைக் காட்டி, அதே மருந்து அரசு இருப்பில் என்ன பெயரில் இருக்கிறது என்று அங்குள்ள மருத்துவரிடமே கேளுங்கள். அங்கு இல்லாத மருந்தை, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகங்களிலோ குறைந்த விலையில் வாங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை அப்படிச் சாப்பிட்டால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காது.

கேள்வி: அமெரிக்காவில் 65 வயதானால் அரசே எல்லா மருத்துவச் செலவையும் ஏற்கும் என்று கேள்விப்பட்டோம். மகன் அங்கே இருக்கிறான். நாங்கள் இருவரும் அவனோடு போய்விடலாமா?
– தம்பதியர், பாளையங்கோட்டை

பதில்: மகனோடு இருக்க ஆசையென்றால் தாராளமாகப் போங்கள், வைத்தியத்தை நம்பிப் போக வேண்டாம். அங்குள்ள மெடிகேர் திட்டம் 1965இல் சட்டமானது. அதில் மருத்துவரைப் பார்க்கும் செலவுக்கான பகுதிக்கு முதியவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். நெடுங்காலம் முதியோர் இல்லத்தில் தங்கிப் பராமரிப்புப் பெறும் செலவு அதில் அடங்காது. நம் முக்கூடல் வாசகியின் குறை அங்கும் இருந்தது: வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கான காப்பீடு நாற்பது ஆண்டு கழித்து, 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் மருந்துச் செலவு ஓர் அளவைத் தாண்டியதும் காப்பீடு கைகொடுக்காத ஒரு பெரும் இடைவெளியை நடுவே விட்டு, அந்தச் செலவை முதியவர் தலையில் வைத்தார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக அடைத்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள், யார் பிழைக்கலாம் என்று முடிவு செய்ய அரசுக் குழு வரப்போகிறது என்ற புரளியைக் கிளப்பி முதியவர்களைக் கதிகலங்க வைத்தார்கள். அப்படி ஒரு குழு சட்டத்தில் இருக்கவே இல்லை. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்ற உச்சவரம்பு வந்தது.

உங்கள் இருவருக்கும் வருவோம். சுற்றுலா விசாவில் செல்வோருக்கு மெடிகேர் இல்லை. கிரீன் கார்டு பெற்றாலும், ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே குடியிருந்த பிறகே சேர முடியும். அப்போதும் மகன் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது என்பதால், மருத்துவமனைப் பகுதிக்கும் கைப்பணம் கட்டியாக வேண்டும்.

கேள்வி: எனக்கு 66 வயது. தனியார் காப்பீடு இனிக் கிடைக்குமா?
– வணிகர், அம்பாசமுத்திரம்

பதில்: கிடைக்கும். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தர வேண்டியதில்லை என்றிருந்த நிலையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் மாற்றிவிட்டது. அறுபது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைத்து எழுதச் சொல்லும் முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டில் என் தந்தைக்குச் சிகிச்சை செய்த தனியார் மருத்துவமனை, அனுமதி வந்த பிறகும் தனியே முன்பணம் கேட்டு வாங்கியது. இது முறையா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு அப்படி வாங்குவது முறையல்ல. இரசீது, அனுமதிக் கடிதம், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்கச் சீட்டு மூன்றையும் நகலெடுத்து, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். இரசீது தர மறுத்திருந்தால், பணம் கொடுத்த தேதி, தொகை, வாங்கியவர் அமர்ந்திருந்த முகப்பு ஆகியவற்றையும் மனுவில் எழுதுங்கள்.