வாசகர் கேள்விகள்: கணினித் திரைக்கு ஆழம் வேண்டுமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, முப்பரிமாண வரைகலை அன்றாட மென்பொருள்களில் எந்த அளவுக்கு இடம்பெறப்போகிறது என்பதைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கிறேன்.

கேள்வி: 1993-இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தில், கட்டடங்களைப் போல எழுந்து நிற்கும் கோப்புகளின் மேல் ஒரு சிறுமி பறந்து சென்று, தனக்கு வேண்டியதைக் கண்டெடுப்பாள். அதைப் பார்த்து வியந்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் கணினியில் அதே தட்டையான கோப்புறைகள்தாம் இருக்கின்றன. அந்த முப்பரிமாணத் திரை எப்போது வரும்?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

பதில்: அந்தக் காட்சி படத்துக்காகப் புனையப்பட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் கணினிகளுக்காக உருவாக்கிய ‘எஃப்எஸ்என்’ என்ற மென்பொருள். கோப்புறைகள் ஒரு சமவெளியில் பீடங்களாகவும், கோப்புகள் அவற்றின் மேல் பெட்டிகளாகவும் நிற்கும். பெட்டியின் உயரம் கோப்பின் அளவையும், நிறம் அதன் வயதையும் காட்டும். ஆகவே, நீங்கள் எதிர்பார்க்கும் திரை ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு முறை மட்டுமல்ல, பல முறை வந்து, நிலைக்காமல் போயிற்று.

1991-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட்சன், மெக்கின்லே, கார்டு ஆகிய மூவரும், கோப்புகளைக் கிளைகிளையாகத் தொங்கும் கூம்புகளில் அடுக்கி, தேடுவது முன்னால் வரும்படி சுழலும் ‘கோன் ட்ரீ’ என்ற அமைப்பை வெளியிட்டார்கள். 2003-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், சாளரங்களைத் திருப்பி அவற்றின் முதுகில் குறிப்பு எழுதி வைக்கக்கூடிய ‘புராஜெக்ட் லுக்கிங் கிளாஸ்’ என்பதைக் காட்டியது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில், திறந்திருக்கும் சாளரங்களைச் சீட்டுக்கட்டுப் போலச் சாய்த்து அடுக்கும் ‘ஃபிளிப் 3டி’ இருந்தது. நானும் அதை ஒரு வாரம் ஆசையோடு பயன்படுத்திவிட்டு, பழைய முறைக்கே திரும்பினேன். விண்டோஸ் 8-இல் அது நீக்கப்பட்டபோது அதற்காக வருந்தியவர்கள் அதிகம் இல்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்குத் தெளிவான விடை ஒன்று உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1998-இல் ராபர்ட்சனும் அவருடைய மைக்ரோசாஃப்ட் சகாக்களும் ‘டேட்டா மவுண்டன்’ என்ற சோதனை அமைப்பைச் செய்தார்கள். சாய்ந்த மலைச்சரிவு போன்ற ஒரு பரப்பில், நூறு இணையப் பக்கங்களின் சிறுபடங்களைப் பயனர்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பட்டியலில் தேடுவதைக் காட்டிலும் இதில் பக்கங்களை விரைவாகக் கண்டெடுக்க முடிந்தது. ஆழம்தான் உதவியது என்று இதைப் படித்த பலர் முடிவு கட்டினார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காக்பர்னும் மெக்கென்சியும் அந்த முடிவை அப்படியே ஏற்காமல், அதே சிறுபடங்களைத் தட்டையான பரப்பிலும் ஆழமுள்ள பரப்பிலும் வைத்து, 2001-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் மக்களுக்கு ஆழமுள்ளதே அதிகம் பிடித்திருந்தது. அதாவது, உதவியது ஆழமன்று. ‘இதை நான் இடப்பக்க மூலையில் வைத்தேன்’ என்ற இட நினைவுதான். மறு ஆண்டில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, திரையில் மட்டுமல்லாமல், கையால் தொட்டு வைக்கும் நிஜப் பொருள்களாலும் சோதனையை அமைத்தார்கள். மூன்றாம் பரிமாணத்தில் பொருள்களை வைக்கும் சுதந்திரம் கூடக்கூட, இரண்டிலுமே தேடும் திறன் குறைந்தது. தேடியவர்களும் அது நெரிசலாக இருப்பதாகவே உணர்ந்தார்கள்.

காரணம் எளியது. ஆழம் வந்தவுடன் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கிறது. கோப்பின் பெயர் என்பது எழுத்து. எழுத்து நேராக நின்றால்தான் படிக்க முடியும், சாய்ந்தாலும் சிறுத்தாலும் கண் திணறும். மேசையில் நகரும் மவுஸோ இரு திசைகளை மட்டுமே அறியும். மூன்றாவது திசைக்கு இன்னொரு விசை, இன்னொரு பழக்கம் தேவைப்படுகிறது. அகரவரிசைப் பட்டியலில் இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூட இல்லை. எனவே கோப்புகளுக்கு மேல் பறக்கும் திரை பொதுப் பயன்பாட்டுக்கு வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை அளிக்க என்னால் இயலாது.

கேள்வி: நான் புதிதாக வாங்கிய மடிக்கணினியில் முப்பரிமாண வரைகலைச் சில்லு இருப்பதாக விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். நான் விளையாட்டுகள் ஆடுவதில்லை. தட்டச்சும் மின்னஞ்சலும் மட்டுமே என் வேலை. அந்தச் சில்லுக்காகக் கொடுத்த பணம் வீண்தானா?
— தட்டச்சுப் பணியாளர், விருதுநகர்

பதில்: வீண் இல்லை. நீங்கள் அறியாமலேயே அந்தச் சில்லு ஒவ்வொரு நொடியும் உங்களுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு சாளரத்தை நகர்த்தினால், அதன் அடியில் மறைந்திருந்த பகுதியை அந்தந்த மென்பொருள் மீண்டும் வரைய வேண்டும். அது முடியும் வரை திரையில் கறை படிந்ததுபோல் தோன்றும். 2002-இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் 10.2-உம், 2007-இல் விண்டோஸ் விஸ்டாவும் இந்த முறையை மாற்றின. ஒவ்வொரு சாளரமும் நினைவகத்தில் தனிப் படமாக வரையப்படுகிறது. விளையாட்டில் சுவருக்குச் செங்கல் படத்தை ஒட்டுவதுபோல, அந்தப் படத்தை வரைகலைச் சில்லு இரண்டு முக்கோணங்களின் மேல் ஒட்டி, எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் காட்டுகிறது. சாளரம் சுருங்குவதும் நிழல் விழுவதும் அதன் வேலையே. முப்பரிமாணத் தொழில்நுட்பம் அன்றாட மென்பொருளில் பெற்ற மிகப் பெரிய வெற்றி இதுதான் என்பது என் கருத்து. தட்டையான திரையைத் தாங்கி நிற்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இருப்பினும், உங்கள் வேலைக்கு விலை உயர்ந்த தனி வரைகலை அட்டை தேவையில்லை. மையச் செயலியுடன் சேர்ந்தே வரும் சில்லு போதும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கையில் முப்பரிமாண வட்ட விளக்கப்படம் வைக்கவேண்டும் என்று மேலாளர் வற்புறுத்துகிறார். வைக்கலாமா?
— கணக்காளர், ஈரோடு

பதில்: வேண்டாம். வட்டத்தைச் சாய்த்தவுடன், முன்னால் இருக்கும் துண்டு தன் பக்கவாட்டுத் தடிமனையும் சேர்த்துக் காட்டுவதால் பெரிதாகவும், பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியும். நூற்றுக்கு இருபது என்ற இரு துண்டுகள், இடத்தைப் பொறுத்து இரு வேறு அளவுகளாகத் தோன்றும். எண்களைச் சரியாகக் காட்டுவதற்கென்றே உள்ள படம் எண்களைத் திரிக்கக் கூடாது. தட்டையான பட்டை விளக்கப்படத்தை வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்து மேலாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் உயிரியல் பாடம் நடத்துகிறேன். முப்பரிமாணம் பயனற்றது என்று சிலர் கூறுகிறார்கள். பாடப்புத்தகத்தின் எதிர்காலமே அதுதான் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது? நானே உருவங்களைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமா?
— மேல்நிலைப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதல் கேள்விக்கு நான் சொன்ன விடையின் மறுபக்கம் இது. கோப்புப் பட்டியலுக்கு இயல்பில் ஆழம் கிடையாது, இதயத்துக்கு உண்டு. நுரையீரல் தமனி மகாதமனிக்கு முன்புறத்தில் தொடங்கி, இடப்பக்கமாகப் பின்னோக்கி முறுக்கிச் செல்வதைக் கரும்பலகையில் வரைந்து எத்தனை முறை விளக்கினாலும், மாணவர் மனத்தில் அது இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று வெட்டுவதாகவே பதியும். உருவத்தைத் திரையில் ஒரு முறை சுழற்றிக் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். வீட்டின் அமைப்பு, இயந்திரத்தின் உள்ளுறுப்புகள், மலைநிலம், மூலக்கூறு, மருத்துவமனையின் சிடி ஸ்கேன் என்று இயல்பிலேயே ஆழம் உள்ள எதற்கும் இது பொருந்தும். 2005-இல் வந்த கூகுள் எர்த்தைப் பயன்படுத்த யாருக்கும் தனிப் பயிற்சி தேவைப்படாததற்கும் இதுவே காரணம்: பூமி உருண்டை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நெடுங்காலம் தடையாக இருந்தது, உருவம் நம்மிடம் வந்து சேரும் வழி. 1997-இல் முப்பரிமாண உருவங்களுக்கான விஆர்எம்எல் என்ற கோப்பு வடிவம் உலகத் தரமாக ஏற்கப்பட்டபோது, அதைப் பார்க்க உலாவியில் தனிச் செருகுநிரலை, அதாவது ஒரு துணை மென்பொருளை, நிறுவ வேண்டியிருந்தது. தொலைபேசி மோடத்தின் வேகத்தில் ஓர் அறையின் உருவம் வந்து சேர்வதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். 2011-இல் வெப்ஜிஎல் என்ற தொழில்நுட்பம் வந்த பின், எந்தச் செருகுநிரலும் இல்லாமல் உலாவியே வரைகலைச் சில்லை நேரடியாகப் பயன்படுத்துகிறது. ‘ஜிஎல்டிஎஃப்’ என்ற பொதுக் கோப்பு வடிவமும் நிலைபெற்றுவிட்டதால், ஒரு மென்பொருளில் செய்த உருவத்தை மற்றொன்றில் திறப்பது எளிதாகியிருக்கிறது. பவர்பாயின்ட் பக்கத்திலேயே முப்பரிமாண உருவத்தை இட்டுச் சுழற்றலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலுள்ள பல பொருள்களின் உருவங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது.

உருவாக்குவதைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்ட் 2017-இல் எல்லா விண்டோஸ் 10 கணினிகளிலும் ‘பெயின்ட் 3டி’யைச் சேர்த்து, ஒவ்வொருவரும் முப்பரிமாண உருவம் செய்வார்கள் என்று எதிர்பார்த்தது. 2024-இல் அதைத் தன் இணையச் செயலிக் கடையிலிருந்து நீக்கிவிட்டது. பெரும்பாலோருக்கு உருவத்தைப் பார்ப்பதும் திருப்புவதும்தான் தேவை. அதை வனைவது பயிற்சி வேண்டும் ஒரு தொழில். ஆர்வம் இருந்தால், 2002 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் ‘பிளெண்டர்’ உங்களுக்குப் பல ஆண்டுகள் துணை நிற்கும். ஆனால் பாடம் நடத்த அது கட்டாயமில்லை. ஒரு பொருளைச் சுற்றிலும் கைபேசியால் எடுத்த படங்களிலிருந்தே உருவத்தைக் கட்டும் செயலிகள் இப்போது உள்ளன. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் எலும்புக்கூட்டிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்து, மாணவர்களைக் கொண்டே முயன்று பாருங்கள்.

கேள்வி: தலையில் மாட்டும் கருவிகள் வந்துவிட்டதால், அலுவலக மென்பொருள்கள் எல்லாம் நம்மைச் சுற்றி மிதக்கும் முப்பரிமாணப் பொருள்களாக மாறிவிடுமா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோவை எடுத்துக்கொள்வோம். அறை முழுவதையும் திரையாக்கும் அந்தக் கருவியில் மின்னஞ்சலும் உலாவியும் எப்படித் தோன்றுகின்றன? காற்றில் தொங்கும் தட்டையான பலகைகளாக. முழு ஆழத்தையும் பயன்படுத்தும் சுதந்திரம் இருந்தும், எழுத்துக்கு வடிவமைப்பாளர்கள் தட்டையான பரப்பையே தேர்ந்தார்கள் என்பதை நான் முக்கியமான சான்றாகக் கருதுகிறேன்.

கருவியின் எடையோ 600 கிராமுக்கு மேல். கண்ணின் இயல்பும் ஒத்துழைப்பதில்லை: அருகில் உள்ளதுபோல் காட்டப்படும் பொருளை நோக்கி இரு கண்களும் உட்பக்கம் திரும்பும்போது, கண்வில்லை மட்டும் வேறொரு நிலையான தூரத்துக்கே குவிந்திருக்க வேண்டியிருப்பதால், நெடுநேரம் அணிந்தால் களைப்பு ஏற்படுகிறது. அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கும் தொழிற்கூட வடிவமைப்புக்கும் இக்கருவிகள் மிகவும் பயன்படும். எட்டு மணி நேரம் விரிதாளைப் பார்க்க வேண்டியவருக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது எழுபது. கைபேசியில் செயலிகள் பெரிதாகி முன்னால் வருவதும் பின்னணி அசைவதும் தலைசுற்றலை உண்டாக்குகின்றன என்கிறார். இது அவருடைய கற்பனையா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: கற்பனை இல்லை, தயவுசெய்து அவர் சொல்வதை நம்புங்கள். உடல் அசையாமல் இருக்கையில், நாம் நகர்வதாகக் கண் மட்டும் உணர்ந்தால், சிலருக்குப் பேருந்துப் பயணத்தில் வருவது போன்ற குமட்டல் வரும். 2013-இல் ஐஃபோனின் ஐஓஎஸ் 7 ஆழத்தைக் காட்டும் அசைவுகளுடன் வந்தபோது, இதே முறையீடு உலகெங்கும் எழுந்தது. அவற்றைக் குறைக்கும் வசதியை ஆப்பிள் விரைவிலேயே விரிவாக்கியது. அது ஐஃபோன் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பிரிவில் ‘இயக்கம்’ என்பதன் கீழ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அணுகல்தன்மைப் பிரிவிலேயே அசைவூட்டங்களை நீக்கும் தெரிவு உண்டு. விண்டோஸ் 11-இல் அணுகல்தன்மையின் கீழ் ‘காட்சி விளைவுகள்’ என்ற பக்கத்தில் பாருங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். அதன் பிறகும் தலைசுற்றல் நீடித்தால், கைபேசியை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.