கழுத்துக்குள் ஏழு
(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர்)

முடி வெட்டி முடித்ததும் சலூன்காரர் என் தலையைப் பிடித்து மடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவி வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி? (தேனி வாசகர்)

உங்கள் மனைவி சொல்வது. சுகமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு, விலகியிருந்த எலும்பு சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குமிழ் உண்டாகும்போது வரும் சத்தம், அவ்வளவுதான்.

என் கவலை வேறு. கழுத்தில் இருக்கும் 7 முள்ளெலும்புகளில் மேலே உள்ள இரண்டும் தனி ரகம். முதலாவதான அட்லஸ் வெறும் வளையம். இரண்டாவதான ஆக்ஸிஸிலிருந்து ஒரு முளை மேலெழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கும். திருகையின் மேல்கல் முளையைச் சுற்றுகிற மாதிரி அட்லஸ் அதைச் சுற்றித் திரும்பும். நீங்கள் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. எலும்பு செட்டிலிருந்து இந்த இரண்டையும் எடுத்துப் பொருத்திச் சுற்றிக் காட்டினால் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது ரத்தக் குழாய்க்கு வருவோம். கழுத்தெலும்புகளின் இரு பக்கமும் ஓட்டை உண்டு. மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனி பெரும்பாலும் ஆறாவது எலும்பின் ஓட்டையில் நுழைந்து, ஒவ்வொன்றாக ஏறி, அட்லஸைத் தாண்டியதும் பின்பக்கமாக வளைந்து மண்டைக்குள் போகிறது. கழுத்து அதிகம் திரும்புகிற இடமும் குழாய் வளைகிற இடமும் ஒன்று! வெடுக்கென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான். ஆனால் வந்தால் சின்ன விஷயமில்லை.

திருகினால்தான் ஆபத்து என்றும் இல்லை. தலை அலசுவதற்காக பேசினில் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் படுத்த 5 பெண்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு பற்றி 1993-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சலூன்காரரிடம் தலையை மட்டும் லேசாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். காசு அதேதான் வாங்குவார்.

கட்டைவிரல் மரத்துப்போகிறது என்று போனேன். கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்து 'சி5-சி6 தேய்மானம்' என்கிறார்கள். கைக்கும் கழுத்துக்கும் என்னம்மா சம்பந்தம் என்கிறார் என் மாமியார். (கரூர் வாசகி)

சம்பந்தம் உண்டு என்று சொல்லுங்கள். ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே வெளிவரும் ஆறாவது கழுத்து நரம்புதான் கட்டைவிரல் பக்கத்து உணர்வைக் கவனிக்கிறது. ஏழாவது நடுவிரலுக்கு, எட்டாவது சுண்டுவிரலுக்கு. எலும்பு 7, நரம்பு மட்டும் 8 ஜோடியா? ஆமாம், முதல் ஜோடி அட்லஸுக்கு மேலேயே வெளிவந்துவிடுகிறது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடம் இது.

ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். 40 வயதைத் தாண்டிய, வலியே இல்லாத பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் கட்டைவிரல் மரத்துப்போகும். மருத்துவர் உங்கள் கையைத் தொட்டுப் பரிசோதித்தாரா? இல்லையென்றால் அதைக் கேளுங்கள்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் எத்தனை எலும்பு? (விருதுநகர், 8-ம் வகுப்பு மாணவி)

உனக்கு இருக்கிற அதே 7 தான். ஒவ்வொன்றும் ரொம்ப நீளம். எலிக்கும் திமிங்கிலத்துக்கும்கூட 7. பாலூட்டிகளில், மரத்தில் தொங்கியபடி மெல்ல நகரும் ஸ்லாத்தும் கடற்பசு வகையான மானட்டியும் மட்டும் கணக்குக்குள் அடங்காது.

குனிந்தால் பிடரியின் அடியில் ஒரு முண்டு புடைக்கிறது. கட்டியா? (சேலம் வாசகர்)

கெட்டியாக, நட்ட நடுவில் இருந்தால் ஏழாவது எலும்பின் முள். எல்லோருக்கும் இருப்பதுதான், ஒல்லியானவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிலருக்கு அதற்குக் கீழே உள்ள எலும்பு இன்னும் துருத்தும். மெத்தென்று இருந்தாலோ, தொட்டால் நகர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.