அலோஸ் கறி: சுருள் ஏன் பிரிகிறது?

அன்புள்ள ஐயா,
நீங்கள் குறிப்பிட்டிருந்த பழைய ஆங்கிலேயச் சமையலான ‘அலோஸ்’ செய்து பார்த்தேன். ஆட்டுத் தொடைக்கறியைத் துண்டுபோட்டு, வெங்காயம், மல்லித்தழை, அடித்த முட்டை வைத்துச் சுருட்டி ஓவனில் சுட்டேன். பூரணம் பிதுங்கிக் கொட்டிவிட்டது. கறியும் ரப்பர் மாதிரி இருந்தது. எங்கே பிசகு?
ம.

அன்புள்ள ம.,
முதல் பிசகு முட்டை. 1430 வாக்கில் எழுதப்பட்ட ஹார்லியன் 279 என்ற ஆங்கிலச் சமையல் சுவடி (இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது) கேட்பது வேகவைத்த மஞ்சள் கரு. அடித்த முட்டை சுருட்டும்போதே வழியும், சூட்டில் உப்பிச் சுருளைப் பிளக்கும். வெந்த கரு உதிர்ந்து, உருகும் கொழுப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அந்தக் கொழுப்பைத்தான் நீங்கள் சேர்க்கவே இல்லை. சுவடி மஜ்ஜையோ கொழுப்போ போடச் சொல்கிறது. தொடைக்கறி கொழுப்புக் குறைந்த கறி. உள்ளிருந்து கொழுப்பு உருகிக் கசிந்தால்தான் வறளாது. இதை விட்டால் அது அலோஸே இல்லை.

600 கிராம் இளங்கறிக்கு என் அளவு: வெந்த மஞ்சள் கரு 4, நல்லி மஜ்ஜை அல்லது குண்டிக்காய்க் கொழுப்பு 75 கிராம், நடுத்தர வெங்காயம் 1, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, சிட்டிகை குங்குமப்பூ. கொழுப்பைக் குளிரவைத்துப் பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் கையால் பிசையுங்கள். மல்லித்தழை வேண்டாம், அதன் வாசம் சுக்கையும் குங்குமப்பூவையும் அமுக்கிவிடும். உப்பைப் பூரணத்தில் கலக்காமல், கறிமேல் பரப்பிய பிறகு தூவச் சொல்கிறது சுவடி. காரணம் இருக்கிறது: முன்பே உப்புப் பட்டால் வெங்காயம் நீர்விட்டுப் பூரணம் சொதசொதத்துவிடும்.

கறியை நாருக்குக் குறுக்கே வெட்டி, 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு மெல்லியதாகப் பரப்பிச் சுருட்டுங்கள். உருண்டைக் கம்பியில் குறுக்காகக் குத்தி, ஒரு சுருளின் விளிம்பு அடுத்ததன்மேல் அழுந்தும்படி நெருக்கிக் கோத்தால் பிரியாது. ஓவனில் 220 டிகிரி செல்சியஸில், கம்பித்தட்டின் மேல், சுமார் 20 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். தட்டில் படுக்கவைத்தால் கறி வறுபடாது, தன் நீரிலேயே வெந்துபோகும்.

சுட்டதும் வினிகர் 2 டீஸ்பூன், காய்த் திராட்சையைப் பிழிந்த சாறு 1 டீஸ்பூன் ஊற்றி, மிளகு, சுக்கு, பட்டைப் பொடி தூவவேண்டும். அவ்வளவு கொழுப்புக்கு இந்தப் புளிப்பு அவசியம். இன்னும் இரண்டு மஞ்சள் கருவை வேகவைத்து வையுங்கள். அதை உதிர்த்து மேலே தூவித்தான் பரிமாற வேண்டும்.