கொள்ளையை விடப் பாட்டிதான் பெரிய சவால்

கேள்வி: திட்டம் போட்டுக் கொள்ளையடிக்கும் படங்கள் என்றால் எனக்கு உயிர். 1955இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தைப் பார்க்கச் சொல்கிறார் நண்பர். அவ்வளவு பழைய படம் இன்று எடுபடுமா? பத்து வயது மகளோடு பார்க்கலாமா? டாம் ஹாங்ஸ் நடித்த பிந்தைய படத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: தாராளமாகப் பாருங்கள். ஆனால் கொள்ளையை எதிர்பார்த்து உட்காராதீர்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தின் அருகே பணம் வரும் வண்டியை மடக்கி 60,000 பவுண்டு அடிக்கும் காட்சி மளமளவென்று முடிந்துவிடும். படம் களைகட்டுவதே அப்புறம்தான்.

முட்டுச்சந்தின் கோடியில், ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய வீடு. போரில் விழுந்த குண்டுகளால் ஆட்டம் கண்டு கோணலாக நிற்கிறது. அங்கே தனியாக வசிக்கும் வில்பர்ஃபோர்ஸ் பாட்டியிடம் வாடகைக்கு அறை கேட்டு வருகிறார் பேராசிரியர் மார்கஸ். நண்பர்கள் நால்வரோடு இசை ஒத்திகை பார்க்க வேண்டுமாம். ஐந்து பேருமே திருடர்கள். இசைத்தட்டில் இத்தாலிய இசையமைப்பாளர் பொக்கரீனியின் மினுவெட் என்ற நடன இசையை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் போடுகிறார்கள். பாட்டி சும்மா இருப்பாரா? டீ வேண்டுமா என்று வந்து தட்டுகிறார். உடனே இசைத்தட்டை நிறுத்தி, ஆளுக்கொரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அசடு வழிகிறார்கள். பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் முன்னாள் குத்துச்சண்டைக்காரரைக் கவனியுங்கள். அந்த முகத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் வீட்டையும் ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார். சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைப் பேராசிரியர் நிமிர்த்தி வைப்பார்; அது மறுபடியும் சாயும். கச்சிதமாகத் திட்டம் போடும் மனிதருக்கு இந்த வீட்டில் எதுவும் நேராக நிற்கப்போவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. பாட்டியிடம் துப்பாக்கியும் இல்லை, தந்திரமும் இல்லை. அவருடைய நாகரிகத்துக்கும் பிடிவாதத்துக்கும் முன்னால் ஐவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சுருங்கிப்போகிறார்கள். இந்த வேடத்துக்காக கேட்டி ஜான்சன் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது வாங்கினார். பேராசிரியராக வரும் அலெக் கின்னஸை விட எனக்கு இவரைத்தான் பிடிக்கும். திருடர் கூட்டத்தில், பின்னாளில் பெரிய நகைச்சுவை நடிகரான பீட்டர் செல்லர்ஸும் இளவயதில் உண்டு.

கறுப்பு வெள்ளையோ என்று பயப்பட வேண்டாம், வண்ணப் படம்தான். நீளமும் ஒன்றரை மணி நேரம்தான். பிரிட்டிஷ் உச்சரிப்பு என்பதால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பாட்டி காவல் நிலையத்துக்குப் போகும் காட்சி சாதாரணமாகத்தான் தோன்றும். ஓட்டிவிடாதீர்கள், முடிவு அதில்தான் தொங்குகிறது. முதல் இருபது நிமிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பொறுத்தவரை ஒரு விஷயம்: பின்பாதியில் உயிர்கள் போகின்றன. ரத்தமோ கோரமோ இல்லை, எல்லாம் சிரிப்புக்குத்தான். இருந்தாலும் சாவைக் கண்டால் கலங்கும் குழந்தை என்றால் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

2004இல் கோயன் சகோதரர்கள் எடுத்த மறுஆக்கம் கதையை அமெரிக்காவின் மிசிசிப்பிக்குக் கொண்டுபோகிறது. அதில் கெட்ட வார்த்தைகள் சரமாரியாக வரும். குழந்தையோடு பார்க்க முடியாது. டாம் ஹாங்ஸ் ரசித்து நடித்திருக்கிறார், சரி. ஆனால் பழையதற்கு அது ஈடில்லை.

திட்டம் போடுவதுதான் உங்களுக்கு ருசி என்றால், இந்தப் படத்தைத் தயாரித்த அதே ஈலிங் ஸ்டுடியோ 1951இல் தந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தை முதலில் பாருங்கள். அதிலும் கின்னஸ்தான். தங்கக் கட்டிகளை உருக்கி, குட்டி ஈஃபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்து பாரிசுக்குக் கடத்துவார்கள்.